இடைவேளையில் சாவி மாறும்

என் தம்பி ஆபரேட்டரின் கையை உடைத்த அன்றுதான் தியேட்டரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னாலும் அவன் யாரையும் விட்டுவைத்ததில்லை. கவுன்ட்டரில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணை அறைந்திருக்கிறான். டீ ஆறிப்போயிருந்தது என்று கொண்டுவந்தவன் தலையிலேயே அதைக் கவிழ்த்திருக்கிறான். அவன் விட்ட ஓர் அறையில் என் இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கிறது. அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் திரையில் படம் மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு மனுஷனின் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை உதைத்தவனோடு இனி ஒரே கூரையின் கீழே தொழில் செய்ய முடியாது. எலும்பு முறிந்த சத்தம் என் நல்ல காதில் விழுந்தது.

இத்தனைக்கும் படம் மங்கியது ஆபரேட்டரின் குற்றமே இல்லை. மெஷினில் இருந்த பல்பு அதன் ஆயுளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று அந்த மனிதர் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருந்தார். "இன்னும் எரியுதில்ல? எரியட்டும்" என்று தள்ளிப் போட்டவன் என் தம்பிதான். மங்கினதும் கை உடைந்தது ஆபரேட்டருக்கு. எங்கள் தியேட்டரில் நியாயம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அது ஒன்றும் பெரிய தியேட்டர் இல்லை. அப்பா சாக்கு மூட்டைகள் அடுக்கக் கட்டிய கிடங்கு. பிறகு சாக்கு வியாபாரம் படுத்ததும் ஒரு சுவருக்கு வெள்ளையடித்துப் படம் காட்ட ஆரம்பித்தார். அவர் போனபின் அதைத் தியேட்டர் என்று சொல்லும்படி ஆக்கியவள் நான். மூடிப்போன இரண்டு தியேட்டர்களிலிருந்து நாற்காலிகள் வாங்கினேன். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். அவற்றில் ஏற்கெனவே அடித்திருந்த வரிசை எழுத்துகள் எங்கள் வரிசைக்குப் பொருந்தவே பொருந்தாது. டிக்கெட்டைப் பார்த்து இடம் தேடுகிறவர் முன்னால் போய்ப் பார்த்து, பின்னால் போய்ப் பார்த்து, சலித்துப்போய்க் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். மெஷின் இன்னொரு ஊரில் வாங்கியது, செகண்ட் ஹேண்ட். வாசலில் டிக்கெட் கிழிக்கிற கேட்காரரை நான் லாரி ஷெட்டிலிருந்து கூட்டிவந்தேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். என்ன தெரியும் என்று கேட்டேன். "எதுவும் தெரியாதும்மா" என்றார். அவர் நின்றால் கதவே அடைபட்டுப்போகும். அந்த ஒரு தகுதி எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்களைப் போன்ற சின்ன தியேட்டர்களை வாங்கி விற்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பூட்டிக் கிடக்கிற தியேட்டரைக் காட்டி யாரும் விற்பதில்லை. ஒரு காலத்தில் மெஷினைக் கடன் வாங்கி வைத்து, நாற்காலியை வாடகைக்குப் போட்டு, ஆளில்லாத தியேட்டரை ஓடுகிற தியேட்டர் என்று தலையில் கட்டியவர்கள் நிறையப் பேர். அதனால் வந்த ஏற்பாடு இது. விற்பவரின் ஆள்தான் மேட்னி ஷோவைத் தொடங்கவேண்டும். வாங்குபவர் ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து பார்ப்பார். இடைவேளை மணி அடித்ததும் அவர் மாடியேறி ஆபரேட்டர் ரூமுக்கு வருவார், சாவி கை மாறும். மணி அடிக்கும்போது அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற மெஷின், ஸ்பேர் பல்பு, துடைப்பம், வேலை பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள் எல்லாம் வாங்கியவருக்கு. பாதிப் படத்தை அவர்தான் முடித்துக்காட்டுவார். படம் இடைவேளையைத் தொடாமல் நின்றுபோய் ஜனம் கலைந்துவிட்டால் விற்பனை முறிந்தது. அப்படி முறிந்த தியேட்டரை அதற்குப் பிறகு ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட பத்திரம் பையில் இருந்தாலும் மணி அடிக்காமல் எங்கள் தொழிலில் யாரும் அதை மதிப்பதில்லை.

வாங்க வந்தவர் பிஸ்கட் கம்பெனிக்காரர். பெரிய சரீரம், அதைவிடப் பெரிய சிரிப்பு. ஏற்கெனவே இரண்டு சின்ன தியேட்டர்கள் வைத்திருந்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "என்னையே தாங்குதுன்னா ஊரையே தாங்கும்" என்று எழுந்தார்.

"இது என்னம்மா ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம்? ஸ்கூல்ல கபடி மேட்சா நடத்துறீங்க?"

"கலர் பாத்து உக்கார்றவங்க இங்க வர்றதில்லங்க. ஒரு விஷயம் மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ஆளுங்களையும் சேத்து எடுத்துக்கறதா இருந்தா மேல பேசலாம். இல்லேன்னா டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"கை ஒடஞ்ச ஆபரேட்டரையுமா?"

"அவரத்தான் மொதல்ல."

பிஸ்கட்காரர் டீயைக் கீழே வைத்தார். "சரிம்மா. கை கூடட்டும், அதுவரைக்கும் வாயால வேல பாக்கட்டும்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரிடம் விற்கலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். பாதி அவனுக்கு என்றும் சொன்னேன். தியேட்டர் என் பெயரில்தான் இருந்தது. அப்பாவுக்கு அவரவர் லட்சணம் தெரியும். இருந்தாலும் பாதி கொடுப்பது என்று நானேதான் தீர்மானித்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைச் சுவரில் அடித்தான்.

"பாதியா? பாதி மொதலாளின்னு எவனாவது கூப்புடுவானாடி?"

சின்ன வயதில் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் சுற்றியவன்தான். அப்பா போனதிலிருந்து நான் அவனுக்கு 'ஏய்', 'இவளே', 'வாடி', 'போடி'. வெளியே போனால் டீக்கடைக்காரரிலிருந்து போஸ்டர் ஒட்டுகிறவர் வரைக்கும் அவனை முதலாளி என்பார்கள். கைநிறையச் சில்லறையும் பளபளப்பான சட்டையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் யாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணக்குப் பார்த்து, கழிப்பறை கழுவ ஆள் கிடைக்காத நாளில் தானே கழுவியவளை யார் முதலாளி என்பார்கள்? எனக்கு அதில் வருத்தமில்லை. அவனுக்கோ அந்த ஒரு சொல்தான் உயிர். அது போனால் அவன் தெருவில் நடக்கிற ஏதோ ஒரு ஆள்.

"எந்த நாய் வந்து வாங்குதுன்னு பாக்கறேன். மணி அடிச்சாத்தானே? அடிக்க விட மாட்டேன்" என்றான். என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி இதைச் சொன்னான். அவன் விரல் தடம் மறுநாள் வரை இருந்தது.

விஷயத்தை மறைக்காமல் பிஸ்கட்காரரிடம் சொல்லிவிட்டேன். போலீஸில் சொல்லி வைக்கலாமே என்றார்.

"அவங்க வந்தா மொதல் வேலையா படத்தத்தான் நிறுத்துவாங்க. அப்பறம் யாருக்கு மணி அடிக்கறது?"

"அப்ப என்னம்மா பண்ணப் போறீங்க?"

"படத்த ஓட்டப் போறேன்" என்றேன்.

மேட்னிக்கு நல்ல கூட்டம். புதிய பல்பு ஒன்றை வாங்கி மெஷினில் போட்டிருந்தேன், இன்னொன்று ஸ்பேராக அட்டைப்பெட்டியோடு மூலையில் இருந்தது. திரையில் படம் கழுவித் துடைத்தது போல இருந்தது. ஆபரேட்டர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் பட்டன்களை அழுத்தினேன். மாடிப்படியின் அடியில் கேட்காரர் நின்றார். பிஸ்கட்காரர் கடைசி வரிசையில் ஒரு சிவப்பு நாற்காலியில் பாப்கார்ன் பொட்டலத்தோடு சாய்ந்திருந்ததை ஆபரேட்டர் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜோக்குக்கெல்லாம் ஊருக்கு முன்னால் சிரித்தார்.

முதல் பாதியில் முக்கால் பாகம் தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அவன் மனம் மாறிவிட்டானோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்த மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம். கரண்ட் போனது.

மெயினைப் பிடுங்கியிருந்தான். ஆனால் மெஷின் பேட்டரியில் இருந்தது, ஜெனரேட்டர் தானாக உறுமிக்கொண்டு எழுந்தது. திரை ஒரு தரம் சிமிட்டியதோடு சரி. கீழே யாரோ விசில் அடித்துக் கைதட்டினார்கள். அந்த ஜெனரேட்டரை வாங்க வேண்டாம், வீண் செலவு என்று அவன் ஒரு வாரம் என்னோடு மல்லுக்கு நின்றது ஞாபகம் வந்தது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்கம்மா. இப்ப மேல வருவாரு" என்றார் ஆபரேட்டர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

படியில் சத்தம் கேட்டது. கேட்காரரின் குரல் முதலில் மரியாதையாகத்தான் வந்தது. "வேணாம் சின்னவரே. மேல போகக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க." அப்புறம் இரும்பு எலும்பில் படுகிற சத்தம். நாற்காலிகளைத் தரையோடு இறுக்கும் நீளமான இரும்புக் கம்பி ஒன்று கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும், அதைத்தான் எடுத்து வந்திருந்தான். கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குப் புரிந்தது: கேட்காரர் விழுந்தார், எழுந்தார், மறுபடி அவன் காலைக் கட்டிப் பிடித்தார். அவர் முகத்தில் அவன் செருப்புக்காலால் மிதித்தான், ஒரு தடவையோடு விடவில்லை. பிறகு பார்த்தபோது அவருடைய முன்பற்கள் படியில் கிடந்தன. வாங்கின அடிக்கு வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். அவர் விட்டது நினைவு தப்பிய பிறகுதான்.

கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு அதற்கு முட்டுக்கொடுத்து இரும்பு அலமாரியைத் தள்ளியிருந்தேன். கம்பியின் முனை பலகையைப் பொத்துக்கொண்டு உள்ளே வந்தது. போனது, மறுபடி வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அலமாரி என் முதுகை நோக்கி நகர்ந்தது. இந்தச் சத்தத்தையெல்லாம் கீழே இருப்பவர்கள் படத்தில் வரும் சண்டை என்று நினைத்திருப்பார்கள். நல்ல வேளையாகத் திரையிலும் அப்போது அடிதடிதான் நடந்துகொண்டிருந்தது.

"இன்னும் எவ்ளோ இருக்கு?" என்று கத்தினேன்.

"கொஞ்சந்தாம்மா. அந்தக் கல்யாண சீன் வந்துட்டா இடைவேளதான்."

கதவு கீலோடு பிய்ந்து அலமாரி மேல் சாய்ந்தது. தம்பி அதன் மேல் ஏறி உள்ளே குதித்தான். சட்டையெல்லாம் ரத்தம், அவனுடையது இல்லை. ஆபரேட்டர் எழுந்து மெஷினுக்கு முன்னால் நின்றார். கட்டுப்போட்ட கையோடு நின்றார். அந்தக் கையையே பார்த்து அடித்தான். அந்த மனிதர் கத்தக்கூட இல்லை, மூச்சு போன மாதிரி ஒரு சத்தத்தோடு மடங்கி உட்கார்ந்தார்.

என் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. அதை எடுத்து வைத்தபோதே, வேண்டியிருந்தால் அடிப்பது என்று தீர்மானித்துத்தான் வைத்தேன். அவன் மணிக்கட்டில் போட்டேன். கம்பி நழுவியது, விழவில்லை. அடுத்ததை அவன் விலாவில் போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து ஆம்ப்ளிஃபையர் ரேக்கில் போய் மோதினோம். என் முடியைப் பிடித்து ரேக்கின் விளிம்பில் நெற்றியை இடித்தான். கண்ணில் ரத்தம் வழிந்தது. நான் அவன் முன்கையைக் கடித்தேன். சதை பல்லுக்குள் வந்தது. வெட்கப்படவில்லை, இன்றைக்கும் இல்லை. அந்த நிமிஷம் அவன் செத்துப்போனால் நல்லது என்றுதான் நினைத்தேன்.

என்னை உதறித் தள்ளிவிட்டு மெஷினிடம் போனான். பட்டன் பலகையை நான் பூட்டி வைத்திருந்தேன், பாஸ்வேர்டு இல்லாமல் நிறுத்த முடியாது. அது அவனுக்கும் தெரியும். தியேட்டரில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு வழியும் தெரியும். மெஷினின் பின்பக்கம் பல்பு இருக்கிற பெட்டிக்கு ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் விடுபடும், பல்பு அந்த நொடியே அணைந்துவிடும். அணைந்தால் சூடு தணிகிறவரை மறுபடி எரியாது. படத்தை நிறுத்த அதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒன்றை மட்டும் அவன் மறந்திருந்தான். போன மழைக்காலத்தில் அந்தக் கதவு ஆட்டம் கண்டு, ஸ்விட்ச் அடிக்கடி விட்டுப்போய், ஓடுகிற படம் நின்றுகொண்டே இருந்தது. ஜனங்கள் நாற்காலி ரெக்ஸினைக் கிழித்தார்கள். புதுக் கதவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், ஒரு சிகரெட் அட்டையை மடித்து அந்த ஸ்விட்ச்சில் திணித்து மேலே டேப் சுற்றினான். "இப்ப தெறந்தா என்ன, மூடுனா என்ன, எரிஞ்சுக்கிட்டே கெடக்கும்" என்று சொன்னவனும் அவன்தான். செய்துவிட்டு மறந்துவிட்டான். நானும் ஆபரேட்டரும் மறக்கவில்லை, பல்பு எரியும்போது அந்தக் கதவுப் பக்கமே போவதில்லை.

"தெறக்காதடா!" என்று கத்தினேன். "டேய், அதுல அட்ட இருக்குடா! தெறக்காத!"

அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் படம் நின்றுவிடுமே என்று பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பான். கதவைத் திறந்தான்.

பல்பு அணையவில்லை. பெட்டியிலிருந்து வெள்ளை வெளிச்சம் அப்படியே அவன் முகத்தில் பாய்ந்தது. அறை மூலையில் இருந்த ஒட்டடை வரைக்கும் தெரிந்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "அணைய மாட்டியா நீ" என்று பல்பைப் பார்த்துக் கத்தினான். கோபம் வந்தால் அவனுக்கு மனுஷன், பொருள் என்ற வித்தியாசம் கிடையாது. கம்பியை ஓங்கிக் குத்தினான்.

எரிகிற பல்புக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் அடைந்திருக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆறின பல்பைத் தொடவே முகமூடியும் தடிமனான கோட்டும் போடுவோம். அது வெடித்தது. என் நல்ல காதும் அந்த நேரத்துக்குச் செவிடானது. பிறகு கேட்கத் தொடங்கியபோது முதலில் கேட்டது கீழே இருட்டில் உட்கார்ந்திருந்த ஜனங்களின் கூச்சல். அதற்கடுத்ததாக அவன் குரல்.

"அக்கா."

எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தரையில் கிடந்தான். முகத்தை மூடியிருந்த இரண்டு கைகளின் விரலிடுக்கிலும் ரத்தம் வந்துகொண்டிருந்தது. கன்னத்தில், கழுத்தில் எங்கே பார்த்தாலும் கண்ணாடித் தூள்.

"அக்கா, கண்ணு தெரியலக்கா."

ஆபரேட்டர் தரையில் உட்கார்ந்தபடியே கை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தச் சொன்னார். பாஸ்வேர்டு போட்டு நிறுத்தினேன். லாம்ப் கரண்ட்டை அணைத்தேன். படியில் இறங்கி ஓடினேன். கேட்காரர் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தார். வண்டி கூப்பிடச் சொன்னேன். வாய் நிறைய ரத்தத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார். மிதித்தவனுக்கு வண்டி கூப்பிடப் போகிறோமே என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை முனகவில்லை.

மேலே வந்தேன். தம்பியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அவன் வரவில்லை. தடவிக்கொண்டே போய் மெஷினின் இரும்புக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

"நான் எறங்க மாட்டேன். எறங்குனா மணி அடிச்சிடுவே."

"செத்துடுவடா. வாடா."

"மாட்டேன். படம் நின்னுடுச்சில்ல? முறிஞ்சிடுச்சில்ல? சொல்லுக்கா."

கண் போய்க் கிடக்கிறான், கேட்கிற கேள்வியைப் பாருங்கள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாக ஆத்திரம் வந்தது. இவன் ஜெயித்துவிட்டான் என்று தோன்றியது. கண்ணைக் கொடுத்தாவது ஜெயித்துவிட்டான். விற்பனை முறிந்து, ஆபரேட்டர் நாளைக்கும் இதே அறைக்கு வந்து, கேட்காரர் பல் இல்லாத வாயோடு இதே படியில் நின்று, ஆறின பிறகு இவன் தடவித் தடவி வந்து எல்லோரையும் அடிப்பான். எனக்கு அதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

"ரிஃப்ளெக்டர் தப்பிச்சிருக்காம்மா?" என்றார் ஆபரேட்டர். மெதுவாகத்தான் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். பல்புக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கிண்ணம் போன்ற கண்ணாடியின் ஓரம் பெயர்ந்திருந்தது. நடுவில் கீறல்தான்.

"முக்கால்வாசி இருக்கு."

"அப்ப ஸ்பேர எடுங்க. பெட்டி ஆறட்டும்னு நிக்கறதுக்கு நேரமில்ல, ஃபேன் ஓடட்டும். மொகமூடி போடுங்க. கோட்டு போடுங்க. மொதல்ல பிரஷ்ஷால கண்ணாடித் தூளத் தட்டிவிடுங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். வண்டி வர நேரமாகும், இவனும் அசைய மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். உண்மையாக இல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் துப்பட்டாவை மடித்து அவன் முகத்தின் மேல் லேசாக வைத்து, "தேய்க்காதடா" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினேன்.

பெட்டிக்குள் கிடந்த தூளைத் தள்ளினேன். சில துண்டுகள் என் காலடியில் கிடந்தவன் முதுகில் விழுந்தன. புதிய பல்பை அதன் அட்டைப்பெட்டியிலிருந்து குழந்தையை எடுப்பது போல எடுத்தேன். கண்ணாடியில் விரல் படக்கூடாது, ஒரு முனையைச் செருகி மறு முனையைத் திருகவேண்டும், ரொம்ப இறுக்கினாலும் வெடிக்கும், இறுக்காவிட்டாலும் எரியாது. நெற்றி ரத்தம் முகமூடிக்குள் வழிந்து கண்ணை மறைத்தது. கீழே நாற்காலிகளைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் பிஸ்கட்காரரின் குரல் தனியாகக் கேட்டது. "பொறுங்கப்பா! பல்பு போனா மாத்த வேணாமா? உங்க வீட்டுல பல்பே போனதில்லயா?" கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது.

"என்னக்கா பண்றே?" என்றான் காலடியில்.

நான் மறு முனையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வலிக்குதுக்கா. என்ன பண்றே?"

கடைசித் திருகைத் திருகிக் கதவைச் சாத்தினேன். ஆபரேட்டர் தலையசைத்தார். லாம்ப்பைப் போட்டேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு 'டப்' என்று பிடித்துக்கொண்டு எரிந்தது. நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டேன், திரையில் படம் வந்தது. வலது மேல் மூலையில் ஒரு கறுப்பு நிழல் விழுந்திருந்தது, மற்றபடி படம். ஜனங்கள் கூரை பிய்கிறமாதிரி கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை அவனும் கேட்டான். மெஷின் காலைப் பிடித்திருந்த கை மட்டும் விடவில்லை.

கல்யாண சீன் வந்தது. வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. கேட்காரர் மாடிக்கு வந்து நின்றார். "தூக்கட்டுமாம்மா?" என்றார். பல் போன வாயில் அது வேறுமாதிரி கேட்டது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் நின்றார். தாலி கட்டுவதற்குள் இன்னும் எத்தனை பேர்தான் வந்து வசனம் பேசுவார்களோ என்று இருந்தது. அந்தப் படத்தை எடுத்தவன் கிடைத்திருந்தால் அவனையும் அடித்திருப்பேன்.

மணி அடித்தது. அடித்தது நான்தான்.

விளக்குகள் எரிந்தன. பிஸ்கட்காரர் மூச்சு வாங்க மாடியேறி, பிய்ந்து கிடந்த கதவைத் தாண்டி வந்தார். அறையைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. வழக்கப்படி சாவியை நீட்டினேன். கையுறையைக் கழற்ற மறந்திருந்தேன். ரத்தக் கையுறையிலிருந்தே சாவியை வாங்கிக்கொண்டார்.

"உள்ள இருக்கறது எல்லாம் எனக்கு. அப்படித்தானேம்மா?" வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி அது. தன்னை அறியாமல் அவர் வாயில் வந்துவிட்டது போலிருந்தது.

"மெஷின் உங்களுது. ஆபரேட்டர் உங்காளு, கேட்காரரும் உங்காளு. இன்னிக்கே ரெண்டு பேரையும் டாக்டர்ட்ட காட்டணும், அது மொதல் செலவு."

"காட்டிடறேன்." அவர் பார்வை மெஷினின் காலுக்கு இறங்கியது. "இவரு?"

"அது மட்டும் என்னுது" என்றேன். "அத விக்கல."

குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக அந்த இரும்பிலிருந்து பிரித்தேன். இந்தத் தடவை பலம் இல்லை அவனுக்கு. கேட்காரர் தோள் பக்கம் பிடித்தார், நான் கால் பக்கம் பிடித்தேன். படியில் அவருடைய பல்லை மிதித்துவிடாமல் பார்த்து இறங்கினேன்.

கீழே இடைவேளைக் கூட்டம் டீ கப்பும் பாப்கார்னுமாக வழியை அடைத்து நின்றது. எங்களைப் பார்த்ததும் டீ கொண்டுவருகிறவன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் ஓடினான்.

"தள்ளுங்க, தள்ளுங்க! மொதலாளிக்கு அடிபட்டிருக்கு. மொதலாளிக்கு வழி விடுங்கப்பா!"

ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். "மொதலாளியா? ஐயோ, மொதலாளியாம்" என்று பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். துணிக்கு அடியில் என் தம்பியின் உதடு அசைந்தது. கூப்பிடுகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பினான்.

நான் யாரையும் திருத்தவில்லை. வண்டிக் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு, அவன் தலை இடிக்காமல் உள்ளே ஏற்றினேன்.